சோசியல் சார் போட்ட கோடு

வெள்ளிக்கிழமை காலையில் பின்வாசல் குழாயடியில் குந்திக்கொண்டு சாமிப் பித்தளையைத் துலக்குவது ஆதிநாராயணன்தான். ஊறவைத்த புளியை உள்ளங்கையில் அப்பி முதலில் குத்துவிளக்கு, அப்புறம் தூபக்கால், மணி, கடைசியில் பெருமாள் சொம்பு. மணியைத் தேய்க்கும்போது அதன் நாக்கை இரண்டு விரலால் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார். தவறிக்கூட அது ஓர் அடி அடித்துவிடக் கூடாது. "பாத்திரம் கழுவறது வேற, பூசை பண்றது வேற" என்பார், யாரும் கேட்காமலேயே.

துலக்கியதைத் துடைத்து எடுத்துக்கொண்டு சாமி ரூம் வரைக்கும் போவார். வாசற்படிக்கு இந்தப் பக்கம் வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். படியைத் தாண்டியதில்லை. உள்ளே எடுத்துப்போய்ப் பொட்டு வைத்து விளக்கேற்றுவது அவர் மனைவி கமலம்மாவின் வேலை. கமலம்மாவுக்குப் புளி பட்டால் விரலிடுக்கெல்லாம் வெடித்துவிடும். கல்யாணமான முதல் மாதமே அதைப் பார்த்துவிட்டு, விளக்கைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டவர்தான். அன்றிலிருந்து இருவரும் அந்த நிலைப்படியின் இரண்டு பக்கமும் நின்று ஒரே சாமிக்கு வேலை செய்துவந்தார்கள், ஒருவர் நம்பி, ஒருவர் நம்பாமல்.

சித்திரையில் கமலம்மாவுக்கு இடது கையும் காலும் விழுந்துவிட்டன. திருப்பதி ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அழைத்து வந்தார்கள். இப்போது கூடத்துக் கட்டிலில் கிடக்கிறாள். பித்தளை படியிலேயே பளபளத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பக்கத்து வீட்டு ரோஜா தன் வீட்டு வேலை முடிந்து வந்து ஏற்றினால் உண்டு.

ஆந்திர எல்லையில் நகரி மூக்கு மலை தெரிகிற அந்தத் தெருவில் ஆதிநாராயணன் வீடு எதுவென்று கேட்டால் யோசிப்பார்கள். சோசியல் சார் வீடு என்று கேட்க வேண்டும். தமிழ் மீடியம் அரசுப் பள்ளியில் காலமெல்லாம் சமூக அறிவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பாக்கெட்டில் இன்னும் ஒரு சாக்பீஸ் துண்டு இருக்கும். துவைக்கப் போடும்போது தடவிப் பார்க்க வேண்டும். "பேரு மட்டும் பெருமாள் பேரு, ஆளு பெருமாளுக்கே ஆவாது" என்று தெருவில் கேலி பேசுவார்கள். "வெச்சது எங்க நைனா. என்னக் கேட்டா வெச்சாரு?" என்று அவரும் சிரிப்பார்.

அவர் பாடம் நடத்தும் விதம் ஒன்றே ஒன்று. எந்தப் பாடமானாலும் கரும்பலகையின் உச்சியிலிருந்து அடிவரை ஒரே இழுப்பில் ஒரு கோடு. ஸ்கேல் வைக்காமல், நூல் பிடித்த மாதிரி. நெசவாளி வீட்டுக் கை. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. மன்னராட்சி, மக்களாட்சி. ஏகாதிபத்தியம், விடுதலை. பிள்ளைகள் பாதிப் பேர் தறிவேலை முடித்துவிட்டு வந்து வகுப்பில் தூங்குகிறவர்கள். இரண்டு பக்கம் இருந்தால்தான் மண்டையில் நிற்கும் என்பது அவர் கணக்கு. நின்றது. அவர் பாடத்தில் யாரும் ஃபெயிலானதில்லை.

ஐரோப்பாவின் அறிவொளிக் காலம் என்று பத்தாம் வகுப்பில் ஒரு பாடம். அதற்கும் கோடு போட்டார். இடது பக்கம் சாமி, சர்ச், பயம், இருட்டு. வலது பக்கம் அறிவு, சயின்ஸ், கேள்வி, வெளிச்சம். "அறிவு உள்ள வந்துச்சி, சாமி வெளிய பூடுச்சி. அவ்ளோதான் பாடம். பப்ளிக்ல ஒரு மார்க்கு, எழுதிக்கோ." வருஷா வருஷம் இதே சொல், இதே இடத்தில் சாக்பீஸ் தூளை ஊதிவிட்டுச் சொல்வார். வேறு எந்தப் பாடத்தையும்விட இதை நடத்தும்போது அவர் குரல் சற்று எழும்பும். அது அவருடைய சொந்தப் பாடம். வீட்டு நிலைப்படியில் அவர் போட்டுவைத்திருந்த கோடும் அதுதானே.

ஓய்வுக்குப் பிறகு திருப்பதியில் ஒரு கோச்சிங் சென்டரில், அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கிறவர்களுக்குச் சரித்திரம் எடுக்கக் கூப்பிட்டார்கள். பெரிய பிள்ளைகள், நன்றாகத் தயார் செய்துகொண்டு போக வேண்டும் என்று நூலகத்தில் போய் உட்கார்ந்தார். பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் அரைப் பக்கம் இருந்த பாடம் அங்கே ஓர் அலமாரி முழுக்க இருந்தது. படிக்கப் படிக்க அவருடைய வலது பக்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து கோட்டைத் தாண்டி நடந்தார்கள். பாதிரிகளை வாழ்நாள் முழுக்கக் கிண்டலடித்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் தன் ஊரில் ஒரு சர்ச் கட்டி, கடவுளுக்காகக் கட்டியது என்று கல்லில் வெட்டி வைத்திருந்தார். அந்தக் கூட்டத்திலேயே எத்தனையோ பேர் பாதிரிகள். கடவுள் இல்லவே இல்லை என்றவர்களும் இருந்தார்கள், சிலர். மீதிப் பேருடைய சண்டை சாமியோடு இல்லை. சாமி பேரைச் சொல்லி அடுத்தவன் வாயை அடைக்கிறவனோடு. அன்று மதியம் ஆதிநாராயணன் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. மாலை பஸ்ஸில் நகரி வரும்வரை மூடியின் மேல் விரலால் ஒரு கோட்டைப் போட்டு அழித்துக்கொண்டு வந்தார்.

கோச்சிங் சென்டரில் இதையெல்லாம் சொல்லப்போனார். நடத்துகிறவர் வாசலுக்கு வந்து, "சார், நாலு ஆப்ஷன்ல எது கரெக்ட்டோ அது மட்டும் சொல்லுங்க. மிச்சம் டைம் வேஸ்டு" என்றார். மறுநாளிலிருந்து அவர் போகவில்லை.

அதன்பிறகுதான் தெருவே சிரிக்கிற அந்தப் பழக்கம் பிடித்துக்கொண்டது. பழைய மாணவன் எவன் எதிரில் வந்தாலும் நிறுத்தி, "டென்த்ல உனக்கு ஒரு பாடம் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்" என்று ஆரம்பிப்பார். மண்டல் ஆபீஸில் வேலை பார்க்கும் ஒருவன், "பரவாலேது சார், அத எழுதித்தானே ஒரு மார்க்கு வந்துச்சி. இப்பப் போயி புடுங்கிக்கவா போறாங்க?" என்றான். பஸ் கண்டக்டர் ஒருவன் அவருக்கு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். பவர்லூம் வைத்திருக்கும் சீனுவின் கொட்டகைக்குள் போய், தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"சீனு, அந்தக் கோடு தப்புடா."

"எந்தக் கோடு சார்?"

"போர்டுல போட்டேனே. அறிவொளிக் காலம்."

சீனு தறியை நிறுத்தினான். "போர்டுல போட்டதெல்லாம் ஞாபகம் இல்ல சார். என் முதுகுல போட்டீங்களே, அந்தக் கோடு ஞாபகம் கீது. அது தப்புன்னா சொல்லுங்க, ஒத்துக்கிறேன்."

கொட்டகையே சிரித்தது. ஆதிநாராயணனும் சிரித்துவிட்டார். வீட்டுக்கு வந்து கமலம்மாவிடம் சொன்னபோது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. "ஒருத்தனும் ஞாபகம் வெச்சிக்கல கமலம். நல்லதாப் போச்சி."

அப்போது நல்லபடி நடமாடிக்கொண்டிருந்த கமலம்மா, சாதத்தை வடித்துக்கொண்டே சொன்னாள். "ஒருத்தி வெச்சிருக்கிறா."

ஒருத்தி என்றால் பிரமிளா. அவர்களுடைய ஒரே பெண். அவளும் அவர் வகுப்பில்தான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். பள்ளியில் சார், வீட்டில் நைனா. அந்தப் பாடம் நடந்த வருஷம் பொங்கலுக்குள் சாமி ரூமுக்குள் போவதை நிறுத்திவிட்டாள். கமலம்மா கூப்பிட்டால், "நான் கோட்டுக்கு அந்தப் பக்கம்மா" என்பாள். ஆதிநாராயணன் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுச் சிரித்தார்.

கல்யாணத்தை நாராயணவனம் கோயிலில் வைக்க வேண்டும் என்று கமலம்மாவுக்கு ஆசை. பெருமாளுக்கே கல்யாணமான ஊர். பிரமிளா முடியாது என்றாள். கூட வேலை செய்த திலீப்பைத் திருப்பதி ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்துப் போட்டுக் கட்டிக்கொண்டாள். ஆதிநாராயணன் பெருமையோடு சாட்சிக் கையெழுத்துப் போட்டார். கமலம்மா உள்ளே வரவில்லை. பூஜையில் வைத்து எடுத்த தாலியை மஞ்சள் துணியில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள். அந்த முடிச்சு இன்னும் பெருமாள் படத்துக்குக் கீழே அவிழாமல் இருக்கிறது. தாயும் மகளும் அதற்குப் பிறகு சண்டை போட்டதில்லை. உடம்பு எப்படி, மழை பெய்ததா, அவ்வளவுதான் பேச்சு.

பிரமிளா இப்போது சத்தியவேட்டில் இருக்கிறாள். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. புரட்டாசி பிறந்து அம்மாவுக்கு மூச்சு இரைக்கிறது என்று கேள்விப்பட்டு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அம்மாவைத் துடைத்து, புடவை மாற்றி, கஞ்சியைக் கரண்டியால் ஊட்டினாள். வாய் பாதிதான் திறக்கிறது, வழிவதைத் துடைத்துவிட்டாள். கமலம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"நாளைக்கி... சனிக்கெழம. மூணு ஊடு. நீ போய்ட்டு வா."

அந்த வீட்டு வழக்கம் அது. திருப்பதிப் பெருமாளைக் குலதெய்வமாக வைத்திருப்பவர்கள் புரட்டாசிச் சனிக்கிழமையில் சொம்புக்கு நாமம் போட்டு, வீட்டில் மூட்டை மூட்டையாக அரிசி இருந்தாலும், தெருவில் இறங்கி மூன்று வீட்டில் பிச்சை எடுக்க வேண்டும். வாசலில் நின்று "கோவிந்தா" என்று கூப்பிட்டால் அரிசி போடுவார்கள். அந்த அரிசியில்தான் பெருமாளுக்குப் பொங்க வேண்டும். மாமியார் காலத்துக்குப் பிறகு கமலம்மா ஒரு வருஷமும் விட்டதில்லை. நின்றுபோனால் பெருமாள் அந்த வீட்டை மறந்துவிடுவார் என்பது பேச்சு. கமலம்மா தான் பிழைக்க வேண்டும் என்று ஒருபோதும் கேட்கவில்லை. சொம்பு நிற்கக் கூடாது என்று மட்டும் கேட்டாள்.

பிரமிளா கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். "அம்மா, வேற இன்னா வேணும்னாலும் கேளு" என்றாள்.

சாயந்திரம் சமையலறையில் ஆதிநாராயணன் சொம்பை இன்னொரு தரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிரமிளா டீ போட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஆரம்பித்தார்.

"பிரமிளா, அந்தப் பாடம் இருக்குதில்ல."

"தெரியும் நைனா. ஊரெல்லாம் சொல்லிகினு சுத்தறியாமே. சீனு அண்ணன் போன் பண்ணி சிரிக்குது."

"அவன் கெடக்கிறான். நான் சொல்றதக் கேளு. அறிவு வந்து சாமியத் தொரத்திச்சின்னு சொன்னேனே, அப்டி ஒண்ணும் நடக்கல. கும்பிட்டவங்கதான் முக்காவாசிப் பேரு. கும்பிட்டுகினேதான் கேள்வி கேட்டாங்க. ரெண்டும் ஒரே மண்டைக்குள்ளதான் இருந்துது. நான்தான் நடுவுல கோட்டப் போட்டு ஆளப் பிரிச்சேன்."

அவள் டீயை வடிகட்டினாள். "டென்த்ல நான் எழுந்து நின்னு கேட்டேன், ஞாபகம் கீதா? 'அவங்கள்ல யாருமே சாமி கும்பிடலையா சார்'ன்னு. நீ இன்னா சொன்ன?"

அவருக்கு ஞாபகம் இல்லை.

"'கும்பிட்டா கோட்டுக்கு அந்தப் பக்கம் பூடுவான், உக்காரு'ன்ன. கிளாஸே சிரிச்சிது. உக்காந்தேன்."

ஆதிநாராயணன் சொம்பின் கழுத்தைத் துடைத்தார். அங்கே ஒன்றும் அழுக்கில்லை.

"வெள்ளைக்காரன் கும்பிட்டானா கும்பிடலையான்னு பாத்து நான் விடல நைனா. நீ கும்பிடல. அத்தப் பாத்துதான் விட்டேன். இப்ப நீ போர்ட அழிச்சிட்டா எனக்கு நம்பிக்க வந்துடுமா? அம்மாவ நெனச்சா எனக்கு மட்டும் எரியலையா? இல்லாதத இருக்குதுன்னு தெருவுல நின்னு எப்டிக் கத்துவேன்?"

"ஒரு நாளைக்கித்தானே மா..."

"இதான் கேக்கறேன்." டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் நிமிர்ந்து பார்த்தாள். "புக்குல படிச்சித் தப்புன்னு நெசமா சொல்றியா? இல்ல, அம்மா போவப் போவுதேன்னு பயந்து சொல்றியா?"

இரண்டு பக்கம். அவருக்குப் பழக்கமான கேள்விதான். எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியவில்லை. டீயில் ஆடை கட்டியது. பிரமிளா அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கப் போய்விட்டாள்.

இருட்டுவதற்குள் ஆதிநாராயணன் கட்டிலண்டை போய் நின்றார். "நான் போறேன் கமலம். எங்க ஊட்டு சொம்புதானே."

கமலம்மா தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. "நீங்க... பொய் சொல்ல வேணாம். இத்தினி வருசத்துல... எங்கிட்ட ஒரு பொய் சொல்லல நீங்க. இந்த ஊட்ல... அது ஒண்ணுதான் எனக்குக் கெட்டியா இருந்துது." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "பிரமிளா கல்யாணத்துக்கு நான் அழுதப்பகூட... சாமி இல்லன்னுதான் சொன்னீங்க. சும்மா சமாதானம்... சொல்லல."

அது பாராட்டா வருத்தமா என்று அவருக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

ஆனால் காலையில் குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். ரோஜா சாமி ரூமிலிருந்து நாமக்கட்டியைக் குழைத்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். கமலம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வலது கையை நீட்டினாள். அவர் கட்டிலருகே மண்டியிட்டுச் சொம்பை ஆடாமல் பிடித்துக்கொள்ள, அவள் ஒரு விரலால் அதில் நாமம் இழுத்தாள். விரல் நடுங்கியது. கோடு பாதியில் விலகி, மேலே போய், நின்றது.

"கோணப் பூடுச்சி."

"நல்லாத்தான் கீது."

மிச்சமிருந்த நாமத்தோடு அவள் விரல் அவர் நெற்றிப் பக்கம் எழும்பியது. பாதியில் நின்றது. விரலைப் போர்வை ஓரத்தில் துடைத்துக்கொண்டாள்.

தெருவில் அங்கங்கே "கோவிந்தா" கேட்டுக்கொண்டிருந்தது. ஆதிநாராயணன் ரோஜா வீட்டு வாசலில் போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஈரக்கையோடு வெளியே வந்த ரோஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இன்னா சார், சத்தமே காணோம்? கரண்டு பில்லு எடுக்க வந்தவங்க மாதிரி நிக்கிறீங்க. கோவிந்தா போடுங்க சார், அப்பதான் அரிசி."

அவர் வாயைத் திறந்தார். முப்பது வருஷம் வகுப்பறையின் கடைசி பெஞ்ச் வரை கேட்ட குரல். இப்போது அது வரவில்லை. மறுபடியும் திறந்தார். ரோஜாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. உள்ளே போய் முறத்தில் அரிசி எடுத்து வந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமல், சொம்பைப் பார்த்து, "கோவிந்தா" என்று அவளே சொல்லிக்கொண்டு போட்டாள்.

சீனு வீட்டில் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவரைக் கண்டதும் சீனு தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தான். ஏதோ கேலி பேச வாயெடுத்தவன், சொம்பில் கோணலாக இருந்த நாமத்தைப் பார்த்தான். அது யார் கை என்று அவனுக்குத் தெரியும். "கோவிந்தா" என்று வருகைப் பதிவுக்குக் குரல் கொடுப்பவன்போல் அவனே சொன்னான். இரண்டு கையாலும் அள்ளிப் போட்டான். மூன்றாவது வீட்டில் அரிசி போட்டது யார் என்று அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அங்கேயும் வேறு யாரோதான் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்து சொம்பைக் கமலம்மாவின் பக்கத்தில் வைத்தார். அவள் விழுந்துகிடந்த இடது கையை வலது கையால் தூக்கி, அந்த விரல்களை அரிசிக்குள் விட்டாள். அதில் உணர்ச்சி இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அப்படித்தான் வைத்துக்கொண்டாள்.

"மூணு ஊடா?"

"மூணு ஊடு."

சமையலறை நிலைப்படியில் பிரமிளா வந்து நின்றாள். அடுப்பில் அவள் வைத்திருந்த உலைத்தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

கமலம்மாவின் முகத்தில் பாதி மட்டும் மலர்ந்தது. அவர் முகத்தைத் தேடிப் பிடித்து, மெதுவாகக் கேட்டாள்.

"கோவிந்தா... சொன்னீங்களா?"

ஆதிநாராயணன் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனார். விலகிக் கிடந்த போர்வையை இழுத்து அவள் பாதத்தை மூடினார். மூடிய பாதத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றார். பிறகு பின்வாசலைப் பார்த்து நடந்தார். பிரமிளா நிலைப்படியில் ஒதுங்கி வழிவிட்டாள்.